நீங்கள் சொல்லிக்கொடுக்காத நீச்சல்

பெருமதிப்பிற்குரிய நீச்சல் ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மாணவி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் சளியும் நலமாக இருக்கிறோம். தாங்களும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் தங்கள் நலத்தைக் கெடுத்தவளே அதைக் கேட்டால் நன்றாக இருக்காது என்பதால் கேட்காமல் விடுகிறேன். முதலில் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஐந்து மாதங்களாக, வாரத்தில் மூன்று மாலை, நான் உங்களிடம் நீச்சல் கற்றுவருகிறேன். நாம் இன்னும் சந்திக்கவில்லை.

போன வாரம் நீச்சல்குள அலுவலகத்துக்கு வந்து, தன் பெண்ணை ஏன் இவ்வளவு நேரம் தண்ணீரில் ஊறவைக்கிறீர்கள் என்று உங்களோடு சண்டை போட்டவர் என் அம்மா. அப்படி ஒரு மாணவியே கிடையாது என்று நீங்கள் சொன்னது முழு உண்மை. பதிவேட்டில் பெயர் இல்லாததைப் பார்த்த மேலாளர், ரசீது போடாமல் தனியாக ஆள் சேர்க்கிறீர்கள் என்று சந்தேகப்பட்டு, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று உங்களை வீட்டில் உட்காரவைத்தது முழு அநியாயம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பொய் முழுக்க என்னுடையது. உங்கள் வேலை உங்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இதைத் தாராளமாக மேலாளரிடம் காட்டலாம். காட்ட வேண்டும்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைக் காட்டி, இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா என்று கேட்டு லென்ஸை மாற்றிக்கொண்டே இருப்பது என் வேலை. மாலையில் வெளியே வரும்போது எனக்குத்தான் எதுவும் தெளிவாக இருக்காது. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு எப்போதும் தெளிவாக இருந்தது: ஒரு நாவலை மொழிபெயர்க்க வேண்டும். லிப்ட் பழுதுபார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றிய சின்ன நாவல் அது. நம் மொழியில் யாரும் கொண்டுவரவில்லை. ஒரு பதிப்பாசிரியருக்கு மாதிரிக்காகச் சில பக்கங்கள் அனுப்பினேன். ஆண்டு முடிவதற்குள் முதல் மூன்று அத்தியாயங்களைக் கொடுத்தால் புத்தகம் எனக்கு, இல்லாவிட்டால் காத்திருக்கிற இன்னொருவருக்கு என்று அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தேவைப்பட்டது மாலையில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். உலகத்தில் யாரும் அதைவிடக் குறைவாக ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், நான். என் மேசை கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிறது. அதாவது எல்லாரும் எல்லாவற்றுக்கும் கடந்துபோகிற வழியில். உட்கார்ந்து காகிதத்தை எடுத்தால் போதும், அண்ணி வருவாள்: "நீ சும்மாதானே இருக்க, சின்னவளுக்கு இந்தச் சட்டைய மாட்டிவிடேன்." மாட்டிவிட்டு வந்தால் அப்பா நிற்பார்: "சும்மா இருக்கியாம்மா? இந்த போன்ல எழுத்து மறுபடியும் சின்னதாயிடுச்சு பாரு." அதைப் பெரிதாக்கிக் கொடுத்தால் அண்ணன்: "சும்மாதானே உக்காந்திருக்க, கேட்டைச் சாத்திட்டு வா." ஒரு பெண் மேசை முன்னால் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தை அரைமணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தால், பார்க்கிறவர்களுக்கு அவள் சும்மா இருப்பதாகத்தான் தெரியும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சில நாட்களில் உண்மையும் அதுவாகத்தான் இருந்தது.

ஆனால் அண்ணன் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகிற நேரத்தில் வீடு இடிந்து விழுந்தாலும் அவனை யாரும் கூப்பிடுவதில்லை என்பதைக் கவனித்தேன். காரணத்தை யோசித்துப் பார்த்தேன். அவனிடம் ஒரு பை இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருக்கிறார், கட்டிய கட்டணம் இருக்கிறது. பை, ஆள், கட்டணம், இந்த மூன்றும் இருந்தால் அது வகுப்பு. இல்லாவிட்டால் அது சும்மா இருப்பது. ஆகவே நானும் ஒரு வகுப்புக்குப் போவதாகச் சொல்வதென்று முடிவு செய்தேன். எந்த வகுப்பு என்பதில்தான் சிக்கல். பாட்டு என்றால் பாடிக் காட்டச் சொல்வார்கள். தையல் என்றால் தெருவிலிருக்கிற கிழிசலெல்லாம் நம் வீட்டுக்கு வரும். கணினி என்றால் அப்பாவின் போனோடு எனக்குக் கல்யாணமே நடத்திவைத்துவிடுவார்கள். வேற்றுமொழி என்றால், அண்ணன் இரண்டு வார்த்தை பேசு பார்ப்போம் என்பான். கூடத்தில் செய்துகாட்டவே முடியாத ஒரே வித்தை நீச்சல்தான் என்று எனக்குப் பட்டபோது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சலுக்காக இன்று மனமார வெட்கப்படுகிறேன்.

உங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உங்கள் குளத்துக்கு எதிரில் நூலகம் இருப்பது. அதன் மாடி வாசிப்பறையில், ஜன்னலோரம் மூலை மேசை என்னுடையது. அங்கிருந்து பார்த்தால் உங்கள் குளத்தின் ஆழமில்லாத பக்கம் முழுக்கத் தெரியும்; ஜன்னலைத் திறந்துவைத்தால் பேச்சும் கேட்கும். ஆகவே உங்கள் மஞ்சள் தொப்பியை நான் அறிவேன். உங்கள் விசிலை அறிவேன். "காலை மடக்காத, நீட்டு. தண்ணி உன்னைக் கடிக்காது" என்று நீங்கள் சொல்லும்போது மேசைக்குக் கீழே என் காலும் தானாக நீளும். ஓரத்துக் கம்பியை விடவே மாட்டேன் என்கிற அந்தப் பெரிய உடம்புக்கார அம்மாளை நீங்கள் 'கம்பி' என்று கூப்பிடுவதும், "கம்பி, இன்னைக்காவது கம்பிய விடு. அது ஓடிப்போயிடாது" என்று கெஞ்சுவதும், அவர் "நான் போயிடுவேனே டீச்சர்" என்று பதில் சொல்வதும் எனக்குத் தெரியும். வீட்டில் கேள்வி கேட்டால் இதையெல்லாம் வைத்துத்தான் பதில் சொன்னேன். அம்மாவுக்குக் கம்பியை ரொம்பப் பிடித்துவிட்டது. "இன்னைக்குக் கம்பி விட்டாளா?" என்றுதான் ஒவ்வொரு தடவையும் முதலில் கேட்பாள். என்னைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்பாள்.

முதல் நாள் ஒரு மணி நேரம் அமைதியாக எழுதிவிட்டு, சொர்க்கத்திலிருந்து இறங்கி வருகிறவளைப் போல வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "என்னடி, நீச்சல்னு போயிட்டுக் காஞ்ச தலையோட வர்ற?" முதல் நாள் வெறும் பாடம்தான் என்று சமாளித்தேன். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. அடுத்த வகுப்பிலிருந்து, எழுதி முடித்ததும் நூலகத்தின் கைகழுவும் இடத்தில் குழாய்க்கடியில் தலையைக் கொடுத்தேன். அங்கே கூட்டித் துடைக்கிற அக்கா பார்த்துவிட்டு, "இது என்னம்மா, தலைக்குக் குளிக்கிற இடமா?" என்றார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் துடைப்பத்தின்மேல் சாய்ந்துகொண்டு நன்றாகச் சிரித்துவிட்டு, "தலை மட்டும் போதுமா? துணி நனைய வேணாமா? வாசனை வேணாமா?" என்று கேட்டார். எனக்குத் தோன்றாத பொய்களெல்லாம் அவருக்குத் தோன்றின. அவர் யோசனைப்படி நீச்சல் உடை ஒன்று வாங்கி, அதைக் குழாயில் நனைத்துப் பிழிந்து, அவர் தரையைத் துடைக்க வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துத் தெளித்து, பையில் போட்டு எடுத்துப்போனேன். அம்மா அதை மோந்துபார்த்து, "குளத்துல மருந்து கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் போடறாங்க" என்றாள். கண்ணைச் சுற்றி வளையம் இல்லையே என்று அண்ணி ஒருநாள் கேட்டதால், நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டே கடைசிப் பக்கத்தை எழுத வேண்டியதாயிற்று. எதிரில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார், பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

ஆசிரியை அவர்களே, இப்போது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தலையை நனைக்க, உடையை நனைக்க, பிளீச்சிங் பவுடருக்கு அக்காவைத் தேடிப் பிடிக்க, அவர் வீட்டுக் கதையைக் கேட்க (கேட்காமல் வருவது மரியாதையில்லை), கண்ணைச் சுற்றி வளையம் பதிய, உங்கள் வகுப்பில் இன்று என்ன நடந்தது என்று ஜன்னல் வழியாகக் கவனித்து வைத்துக்கொள்ள. ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றுவதற்கான வேலையே அந்த ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டது. வீட்டுக்குப் போனால் அதைவிட மோசம். நீச்சல் கற்றவளுக்கு உடம்பில் தெம்பு கூடும் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். தண்ணீர் கேன் வந்தால், "நீச்சல் அடிக்கிற கைதானே, தூக்கு" என்றான் அண்ணன். பீரோவை நகர்த்த வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கூடத்தில் செய்துகாட்ட முடியாத வித்தை என்று நான் நினைத்ததும் தப்பு. அண்ணி தன் பெண்கள் இருவரையும் இரண்டு முக்காலிகளின்மேல் குப்புறப் படுக்கவைத்து, "அத்தை சொல்லித்தருவா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நான் உங்களிடமிருந்து கேட்டதையெல்லாம் அப்படியே சொன்னேன். காலை நீட்டு, தண்ணி உன்னைக் கடிக்காது. "எங்க தண்ணி?" என்று கேட்டாள் சின்னவள். நல்ல கேள்விதான்.

நாவலில் அந்த லிப்ட்காரி இரண்டாவது அத்தியாயத்தின் முடிவில், இரண்டு மாடிகளுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொள்கிறாள். மூன்றாவது அத்தியாயம் முழுக்க உள்ளேதான் இருக்கிறாள். யாரும் வருவதில்லை, எதுவும் நடப்பதில்லை, அவள் யோசித்துக்கொண்டே இருக்கிறாள். ஆசிரியர் அதைத் துயரமாக எழுதியிருக்கிறார். எனக்கோ அவள்மேல் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையில் மொழிபெயர்ப்பு சரியாக வரவில்லை. துயரமான வாக்கியங்களெல்லாம் கொண்டாட்டமாக வந்து விழுந்தன. அடித்து அடித்து எழுதினேன். அதற்குள் வாரம் மூன்று நாள் ஈரத்தலையோடு காற்றில் நடந்ததில் சளி பிடித்து, இருமல் பிடித்து, வாசிப்பறையில் என் தும்மலுக்கு எல்லாரும் திரும்ப ஆரம்பித்தார்கள். மூன்றாவது அத்தியாயம் முடியாமலே ஆண்டு முடிந்தது. கடைசியில் பதிப்பாசிரியரே கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவாயில்லைங்க, எல்லாருக்கும் வேலை இருக்கும். அதை அவருக்கே கொடுத்துட்டோம். அடுத்த தடவை பார்க்கலாம்" என்று மிகவும் அன்பாகச் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் குளத்தோரம் மண்டியிட்டு, கம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒருத்தி விரலைப் பிரிக்க உங்களுக்கு அத்தனை மாதமும் அலுக்கவில்லை. எனக்கு ஒரு மணி நேரத்தை நேராக வாங்கத் தெரியவில்லை.

அன்றே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிறேன் என்று வீட்டில் சொல்லக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் என் சளிக்கு உங்கள் குளம்தான் காரணம் என்று முடிவுகட்டிய அம்மா, என்னிடம் சொல்லாமலே கிளம்பி உங்களிடம் வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், "நல்லாக் கேட்டுட்டு வந்துட்டேன்" என்றாள் பெருமையாக. "உன்னை யாருன்னே தெரியாதாம் அந்த டீச்சரம்மாவுக்கு. அஞ்சு மாசமா நீச்சல் உடையைத் துவைச்சுக் காயப்போடறது நானு, எங்கிட்டயே சொல்றா." அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கடிதத்திலேயே எழுதக் கடினமான வரி. நீங்கள் எப்படியாவது சமாளித்துவிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வகுப்பு நாள் மாலை வழக்கம்போல நூலகத்துக்குப் போனேன். விசில் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், உங்கள் இடத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி மறுபடியும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கூட்டித் துடைக்கிற அக்காதான் விசாரித்துவந்து சொன்னார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "உன்னால ஒரு பொம்பளை வீட்ல உக்காந்திருக்கா. போய்ச் சொல்லு" என்றார். அன்று நான் தலையை நனைக்காமல் வீட்டுக்குப் போனேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த டீச்சர் சொன்னது நிஜம். நான் அவங்ககிட்ட போகவே இல்ல."

"அப்ப யார்கிட்ட போன?"

"யார்கிட்டயும் இல்ல. எதிர்ல லைப்ரரி இருக்கில்ல, மாடியில உக்காந்து எழுதிட்டிருந்தேன். ஒரு புத்தகத்த மொழிபெயர்க்கறேன். மொழிபெயர்த்துட்டிருந்தேன்."

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். "எழுதறதுக்கு எதுக்குடி தலைய நனைச்ச?"

இந்தக் கேள்விக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. அம்மா விடவில்லை. "ஒரு பையனோட சுத்தப் போயிருந்தேன்னு சொன்னாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். எழுதறதுக்காடி இவ்வளவு நாடகம்? லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போறது."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

எங்கள் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "மாட்டேன்" என்றாள். "அந்த வழியாத்தானே வர்ற, அப்பாவுக்கு மாத்திரை வாங்கிட்டு வா, பெரியவளை டியூஷன்லேருந்து கூட்டிட்டு வான்னு ஏதாவது சொல்லியிருப்பேன்." பிறகு கையிலிருந்த துணியைப் பார்த்தாள். என் நீச்சல் உடைதான். "அந்தம்மாவ நாலு பேர் முன்னால என்ன பேச்சுப் பேசிட்டேன். கிளம்பு" என்றாள்.

நாங்கள் இருவரும் மேலாளரைப் பார்த்தோம். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் சுலபத்தில் நம்பாதவர். "உங்க அம்மா அன்னைக்குப் பொண்ணு இங்க வர்றான்னு சத்தியம் பண்ணாங்க. இன்னைக்கு வரலேன்னு சத்தியம் பண்றாங்க. நான் எதை எடுத்துக்கறது? உங்களுக்கு நீச்சல் தெரியாதுன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். "தள்ளிவிட்டுப் பாருங்க சார்" என்றேன். "வேணாம், அவளுக்குச் சளி" என்றாள் அம்மா. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, நடந்ததையெல்லாம் உங்களுக்கே கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை நீங்கள் கொண்டுவந்து காட்டினால் உடனே வேலைக்குச் சேரலாம் என்றார். அவர் பேசி முடிக்கும்வரை அம்மா அறையின் கண்ணாடி ஜன்னல் பக்கம் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

ஆகவே மேலாளர் அவர்களின் கவனத்துக்கு நான் உறுதியாகச் சொல்வது: இந்த ஆசிரியை எனக்கு ஒரு நாளும் நீச்சல் சொல்லிக்கொடுக்கவில்லை, என்னிடம் எதுவும் வாங்கவில்லை, நான் தண்ணீரில் இறங்கியதும் இல்லை. என் தலை நனைந்ததற்கு நூலகக் குழாயே பொறுப்பு. இனி எந்தக் காரணத்துக்காகவும் நானோ என் வீட்டாரோ உங்கள் பெயரைச் சொல்லிப் பொய் பேச மாட்டோம் என்று மனதார வாக்குக் கொடுக்கிறேன். அம்மா எனக்குப் பின்பக்கத்து அறையை ஒதுக்கித் தந்திருக்கிறாள். அந்த மூன்று மாலையும் கதவைச் சாத்திக்கொண்டு எழுதலாம், யார் கூப்பிட்டாலும் தான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் புத்தகம் போய்விட்டது. வேறொன்று தேட வேண்டும். கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றுக்காக உங்கள் வேலையை அடகுவைத்துவிட்டேன் என்ற நினைப்பு மட்டும் அந்த அறைக்குள்ளும் கூடவே வருகிறது.

தாங்கள் சீக்கிரம் குளத்தோரத்துக்குத் திரும்பி, தங்கள் விசில் அந்தத் தெருவுக்கே கேட்க, மாணவிகள் யாவரும் மூழ்காமல் மிதக்க, தங்கள் இல்லத்தில் எல்லாரும் நிம்மதியாக இருக்க மனமார வேண்டுகிறேன். வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு அன்பும்.

இப்படிக்கு,
தங்களிடம் ஒரு நாளும் கற்காத மாணவி

பின்குறிப்பு: கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறேன். மேலாளரிடம் காட்டுவதற்கு முன் அந்தக் கோட்டோடு இதைக் கிழித்துவிடுங்கள். உறையில் முகவரி எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். காலையிலேயே தனியாகக் குளத்துக்குப் போய், தன் பெயரில் ரசீதே போட்டு, உங்கள் வகுப்பில் சேர்ந்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு ஒதுக்கித் தந்த அதே மூன்று மாலை. "நீ வீட்லதானே இருப்ப, கொஞ்சம் பாத்துக்கறியா?" என்று கேட்டாள். அம்மா என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை, சொல்லித்தான் பழக்கம். "தண்ணிக்குள்ள தலைய விட்டா, யார் கூப்பிட்டாலும் காதுல விழாதாமே. நிஜமாவா?" என்றாள். நிஜம்தான் என்றேன், எனக்குத் தெரியாவிட்டாலும். பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். இந்த வயதில் நீச்சல் எதற்கு என்று அப்பா கேட்பார் என்பதால், முழங்கால் வலிக்கு டாக்டர் சொன்னதாக அவரிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் முழங்காலில் எந்தக் கோளாறும் கிடையாது. எந்த டாக்டர் என்று அப்பா கேட்டபோது, பொய் சொல்ல வராத எங்கள் அம்மா, நீச்சல் டீச்சருக்குத் தெரிந்த டாக்டர் என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகத் தோள் வலி. அந்த டாக்டரின் விலாசத்தை வாங்கிக்கொள்ள வியாழக்கிழமை உங்களை நேரில் பார்க்க வருகிறார். தயவுசெய்து அதற்குள் ஒரு டாக்டரை யோசித்து வையுங்கள்.